இறங்க ஆளில்லாத நிறுத்தம்

பிஷ்கெக்கின் தெற்கு ஓரம், மலையடிவாரத்தை ஒட்டிய அக்-ஜோல் குடியிருப்பிலிருந்து காலையில் கிளம்பும் மார்ஷ்ருத்கா வேனில் மாணவர்கள் உட்கார்ந்து போவதில்லை. உட்காரலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் அடுத்த நிறுத்தத்தில் ஒரு தாத்தா ஏறுவார், எழுந்துதான் ஆகவேண்டும். அதற்கடுத்ததில் வாயும் வயிறுமாக ஒருத்தி ஏறுவாள். சில பையன்கள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிப்பார்கள். "பாவம், ராத்திரி பூரா படிச்சிருக்கான், யாரும் எழுப்பாதீங்க" என்று ஓர் அக்கா சத்தமாகச் சொல்வாள். வேனே சிரிக்கும். பையன் காது சிவக்க எழுந்து நிற்பான்.

பெரிசாத்துக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வேனுக்குள் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தாலே அவளுக்குப் பெரிது.

மலைகளுக்கு அப்பால் வெகு தொலைவிலிருக்கும் அத்-பாஷி பக்கத்துப் பெண் அவள். நீர்ப்பாசனப் பொறியியல், இரண்டாம் ஆண்டு. அக்-ஜோலில் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்தாள். தங்குவதற்கு யாரும் நிபந்தனை போடவில்லை. ஆனால் அண்ணன் மகளைக் காலையில் பாலர் பள்ளியில் விடுவது அவள் வேலை என்று முதல் வாரத்திலேயே ஆகிவிட்டது. பாலர் பள்ளி கதவு திறந்து, குழந்தையின் பூட்ஸைக் கழற்றி, அது அழாமல் உள்ளே போகிற வரை நின்றுவிட்டுத்தான் சாலைக்கு வரமுடியும். அதனால் வேன் புறப்படும் கடைசி நிறுத்தத்துக்கு ஏறிப் போய் இடம் பிடிக்க அவளுக்கு நேரம் கிடையாது. பாலர் பள்ளி நிறுத்தத்துக்கு வரும்போது வேன் பிதுங்கிக்கொண்டிருக்கும். பிதுங்கும் வேனை எந்த ஓட்டுநரும் நிறுத்தமாட்டார், உள்ளேயிருந்து யாராவது இறங்குவதாக இருந்தால் ஒழிய. காலை வேளையில் அந்த நிறுத்தத்தில் இறங்குவதற்கு யார் இருக்கிறார்கள்?

முதலாண்டின் முதல் மாதம் முழுக்க அவள் அங்கே நின்று கையை ஆட்டினாள். வேன்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. முதல் வகுப்பு தினமும் போயிற்று. "அத்-பாஷியிலருந்து தினமும் குதிரையில வர்றியாம்மா?" என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பு சிரித்தது. கார் வைத்திருந்த பையன்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருத்தி ஜிபெக். அவள் வீடு கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில். அப்பா இல்லை. அம்மா சோனுன், சந்தையில் காலுறை விற்பவள். தினமும் வேன் ஜன்னலிலிருந்து, சாலையோரம் கையாட்டும் இந்தப் பெண்ணை ஜிபெக் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். ஒருநாள் காலை, பாலர் பள்ளி நெருங்கும்போது அவள் தொண்டையைத் திறந்து கத்தினாள்.

"அண்ணே, இறங்கணும்! நிறுத்துங்க!"

வேன் நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. பெரிசாத் ஏறிக்கொண்டாள்.

"யாரு இறங்கணும்னது?" என்றார் ஓட்டுநர் மைராம்பெக்.

"நான்தாண்ணே. ஆனா இது என் ஸ்டாப் இல்ல போலிருக்கு. பனியில சரியாத் தெரியல."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் தலைசுற்றும், ஒருநாள் குடையை மறந்திருப்பாள், ஒருநாள் "எங்க சித்தி நிக்கிற மாதிரி இருந்துச்சுண்ணே". வேன் நிற்கும், பெரிசாத் ஏறுவாள், நெரிசலில் ஒருவர் இன்னொருவர் மேல் சாய்ந்து திட்டுவார்கள். பெரிசாத்தின் கட்டணத்தையும் ஜிபெக்கே கைமாற்றி முன்னால் அனுப்பிவிடுவாள். மாலையில் திரும்பும்போது பெரிசாத் கொடுப்பாள். மைராம்பெக்குக்கு விஷயம் புரிய நாளாகவில்லை. கண்ணாடியில் பார்த்து, "இன்னிக்கு என்ன வியாதி?" என்பார். திட்டுவார், ஆனால் நிறுத்துவார். "இறங்கணும்" என்று குரல் கேட்டபின் நிறுத்தாமல் போவது வேன் தொழிலில் கிடையாது. வேனுக்கே இருவரும் நாடகக் கம்பெனி ஆகிவிட்டார்கள்.

பெரிசாத் பாடத்தில் கெட்டி. ஜிபெக்குக்குக் கணக்கு வராது, ஆனால் வாய் வரும். வேனில் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பெரிசாத் அவளுக்குப் பாடம் சொல்வாள். வாய்க்காலில் தண்ணீரின் வேகத்தைக் கணக்கிடுவதை ஜிபெக் அப்படித்தான் கற்றாள், யாரோ ஒருவரின் முட்டைக்கூடை விலாவில் இடிக்க.

"படிச்சு முடிச்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்குறோம்" என்பாள் ஜிபெக்.

"யாரு ஓட்டுறது?"

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து எல்லா ஸ்டாப்லயும் இறங்கணும்னு கத்துவேன்."

இரண்டாம் ஆண்டு குளிர்காலத்தில் அவர்கள் வகுப்புப் பையன் ஒருவன் படிப்பை விட்டுவிட்டு மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனான். அவன் அரசுச் செலவில் படித்தவன். அந்த இடம் காலியாயிற்று. கட்டணம் கட்டிப் படிப்பவர்களில் ஒருவருக்கு அது கிடைக்கும், மதிப்பெண் பார்த்து, நேர்காணல் வைத்து. விண்ணப்பித்தவர்களில் ஐந்து பேரை அழைத்தார்கள். பெரிசாத் ஒருத்தி, ஜிபெக் ஒருத்தி.

பெரிசாத்துக்கு அது வெறும் சலுகை இல்லை. கோடையில் அப்பா மாடுகளை விற்றுத்தான் கட்டணம் கட்டியிருந்தார். அடுத்த ஆண்டுக்கு விற்பதற்கு மாடு கிடையாது. இந்த இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். அண்ணி அதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "கிடைச்சா படி. இல்லன்னா மாப்பிள்ளை பாக்கச் சொல்லி உங்கப்பா ஏற்கெனவே கேட்டுட்டுத்தான் இருக்காரு."

ஜிபெக்கும் அந்தச் செலவைச் சமாளிக்க முடியாமல்தான் இருந்தாள். ஆனால் நேர்காணலுக்கு முந்தைய நாள் அவளே சொன்னாள். "உனக்குத்தான் கிடைக்கும்டி. நான் சும்மா வேடிக்கை பாக்க வர்றேன். ஆனா நாளைக்கு வேன்ல தொங்கிட்டு எனக்குக் கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் சொல்லிக்குடு."

"சரி. நீ சத்தமா கத்து. நாளைக்கு எந்த வியாதியும் வேணாம், நேரா இறங்கணும்னு சொல்லு."

மறுநாள் கடுங்குளிர். சாலையில் கண்ணாடிபோல் பனி உறைந்திருந்தது, நிலக்கரிப் புகை வீடுகளின் உயரத்துக்கு மேலே எழும்பாமல் படுத்துக் கிடந்தது. பெரிசாத் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவந்து நின்றாள். மைராம்பெக்கின் வேன் மேட்டிலிருந்து இறங்கியது. ஜன்னல்களெல்லாம் உள்ளே மூச்சுக்காற்று படிந்து வெளுத்திருந்தன. அந்த வெளுப்பில் ஒரு சிவப்புக் குல்லாய் தெரிந்தது. ஜிபெக்கின் குல்லாய்தான், ஜன்னலில் சாய்ந்திருந்தது.

பெரிசாத் கையைத் தூக்கவில்லை. ஜிபெக் கத்தத் தொடங்கியபின் தூக்கவேண்டிய அவசியமே எழுந்ததில்லை. வேன் நிற்குமிடத்துக்கு நேராக, கதவு வரும் இடத்துக்கு நேராக ஒரு காலை முன்வைத்து நின்றாள்.

வேன் போய்விட்டது.

முதலில் அவள் நம்பவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கப்போகிறது, பனியில் பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்து பின்னால் ஓடினாள். வளைவில் அது மறைந்தது. போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வேன் நிற்கவில்லை, அதற்கடுத்ததும் நிற்கவில்லை. டாக்சி கூப்பிட்டாள். கட்டணம் தாறுமாறாக ஏறியிருந்தது. அதையும் ஒப்புக்கொண்டு தேடினால், உறைபனி ஏறிய அந்தச் சாலைக்கு வர ஒரு காரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிலக்கரி லாரி அவளை ஏற்றிக்கொண்டது. சந்தை வரை கொண்டுவிட்டது. அங்கிருந்து பேருந்து, பிறகு ஓட்டம், இரண்டு தடவை விழுந்து எழுந்து.

முதல்வர் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே செயலாளர் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பேரு கூப்பிட்டாச்சு. வரலன்னு முடிச்சாச்சு" என்றாள்.

"வேன் நிக்கலங்க. இப்பத்தான்—"

"உங்க அக்-ஜோல்லருந்தே ஒரு பொண்ணு வந்து உள்ள உக்காந்திருக்கா. அவளுக்கு மட்டும் வேன் நின்னுச்சா?" செயலாளர் அம்மா கைக்குட்டையை நீட்டினாள். "முகத்தைத் தொடச்சிக்க. கரியா இருக்கு."

கதவு திறந்து ஜிபெக் வெளியே வந்தாள். பெரிசாத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய், அங்கேயே கட்டிக்கொண்டு அழுதாள். "தூங்கிட்டேன்டி! ராத்திரி பூரா படிச்சேன், உக்கார இடம் கிடைச்சுச்சு, சாஞ்சேன், அவ்வளவுதான். கண்ணு முழிச்சா சந்தை! போனு பைக்குள்ள கெடந்திருக்கு. என்னைய அடி. அடிடி!"

பெரிசாத் அடிக்கவில்லை. அவளுக்கும் அழுகைதான். ஆனால் ஜிபெக்கின் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் தன் அழுகையை நிறுத்திவிட்டு, "விடுடி, தூக்கத்தை யாரு என்ன பண்றது" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இடம் ஜிபெக்குக்குக் கிடைத்தது.

சோனுன் ஒரு ஆட்டை அறுத்தாள். சின்ன விருந்துதான், அக்கம்பக்கத்துப் பெண்களும் பெரிசாத்தும். நல்ல சேதி வந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் பெரிசாத் தன் புதுக் கம்பளிச் சால்வையை எடுத்துப்போனாள். ஊரிலிருந்து அவள் அம்மா நெய்து அனுப்பியது. சோனுன் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கறியும் மாவுப்பட்டையும் கலந்த பேஷ்பர்மாக்கில் நல்ல கறியாகப் பார்த்துப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தாள்.

"நீ சொல்லிக்குடுத்துத்தான் இவ பாஸே ஆனா, எனக்குத் தெரியாதா? இவ தூங்கித் தொலைச்சதுக்கு நான் உன்கிட்ட எப்படி முகம் காட்டுவேன்?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. யாருக்குக் கிடைச்சா என்ன."

ஜிபெக் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவேயில்லை. சோனுன் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்துச் சொன்னபோது மகளுக்குச் சொன்னதைவிட நீளமாகப் பெரிசாத்துக்குச் சொன்னாள். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு "ஓமின்" என்றார்கள்.

பிறகு குளிர்கால விடுமுறை. அப்பா தொலைபேசியில் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்தக் கோடை வரை கட்டியாயிற்று, அதுவரை படி, பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ன என்பது இருவருக்கும் தெரியும்.

வகுப்புகள் திறப்பதற்கு ஒருநாள் முன்பு, பெரிசாத் சந்தைக்குப் போவதற்காக நண்பகலில் வேன் ஏறினாள். காலியான வேன். மைராம்பெக் அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கூப்பிட்டார். "வாம்மா, நாடகக் கம்பெனி! முன்னால வந்து உக்காரு. ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"ஊருக்கு எங்கண்ணே போனேன். லீவு பூரா இங்கதான்."

"லீவுக்கு முன்னால போனியேம்மா? ரோடு பூரா பனி உறைஞ்சு கெடந்துச்சே, அன்னிக்கு."

"இல்லையே."

அவர் கியர் மாற்றினார். சாதாரணமாகத்தான் சொன்னார், சாலையைப் பார்த்தபடி. "அன்னிக்கு நான் உன் பிரெண்டைக் கேட்டேன்மா. பாலர் பள்ளி வருது, என்ன இன்னும் சத்தத்தையே காணோம், வியாதி குணமாயிருச்சான்னு. வேனே சிரிச்சுது. அவ, இல்லண்ணே, பெரிசாத் ஊருக்குப் போயிட்டா, நிக்காம போங்க, எனக்கு இன்னிக்கு இண்டர்வியூ இருக்குன்னா. எனக்கும் அந்தப் பக்கம் கண்ணாடியெல்லாம் பனி. நீ நின்னியா என்ன?"

சந்தை வந்தும் அவள் இறங்கவில்லை. மைராம்பெக் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அடப்பாவமே" என்றார். "நான் ஹாரன் கூட அடிக்கலியேம்மா."

அவள் நினைவில் அந்தச் சிவப்புக் குல்லாய் திரும்பத் திரும்ப வந்தது. தூங்கும் தலை அப்படிச் சாயாது. ஜன்னலுக்கு வெளியே தெரியக்கூடாது என்று குனிந்த தலை அப்படிச் சாயும். முதுகைத் தடவிக்கொடுத்த தன் கையை அவள் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சால்வை போனதுகூடப் பரவாயில்லை. ஆறுதல் சொன்னோமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை குழந்தையை விட்டுவிட்டு வழக்கமான இடத்தில் போய் நின்றாள். வேன் இறங்கி வந்தது. பிதுங்கல். நிறுத்தத்துக்கு வெகு முன்பே உள்ளேயிருந்து குரல் கேட்டது, என்றைக்கும் இல்லாத சத்தத்தில்.

"அண்ணே, இறங்கணும்! பாலர் பள்ளி! இறங்கணும்!"

வேன் நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் அடித்தது. ஜிபெக் கம்பியைப் பிடித்தபடி இன்னொரு கையை நீட்டினாள். "வாடி, சீக்கிரம்!"

பெரிசாத் அசையவில்லை.

"ஏறும்மா" என்றார் மைராம்பெக்.

"யாரோ இறங்கணும்னு கத்துனாங்களேண்ணே. இறங்கட்டும், அப்புறம் ஏறுறேன்."

வேனுக்குள் சலசலப்பு. "யாருப்பா இறங்குறது? கதவச் சாத்துங்க, குளிருது!" என்றார் ஒரு கல்பாக் தொப்பிக்காரர். "ஏறவும் மாட்டேங்குது, விடவும் மாட்டேங்குது இந்தப் பொண்ணு" என்றாள் ஒருத்தி. சிலர் வழக்கமான நாடகம்தான் என்று சிரித்தார்கள். மைராம்பெக் சிரிக்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இறங்கணும்னு சொன்னா இறங்கணும்" என்றார், கண்ணாடியைப் பார்க்காமல்.

ஜிபெக்குக்கு அந்தக் குரலிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. ஆட்களைப் பிளந்துகொண்டு இறங்கினாள். எங்கிருந்தோ பால் கேன்களோடு ஓடிவந்த ஒரு பெண் அவள் இடத்தில் ஏறிக்கொண்டாள். வேன் போயிற்று.

"ஊருக்குப் போயிருந்தேனாம் நான்" என்றாள் பெரிசாத். "எப்படி இருக்கு எங்க ஊரு? பனி ஜாஸ்தியா?"

ஜிபெக் பூட்ஸ் முனையால் பனியைக் கிளறினாள். "அவரு சொல்லிட்டாரா?"

"நீ சொல்லியிருக்கணும்."

"நீ வந்திருந்தா உனக்குத்தான் கிடைச்சிருக்கும். எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். ராத்திரி பூரா நான் ஒண்ணும் நினைக்கலடி. சத்தியமா. கத்துறதாத்தான் இருந்தேன். அந்த மேடு இறங்கினதும் வாய் வரல."

"வாய் வரலன்னா மன்னிச்சிருப்பேன். உனக்கு வாய் வந்துச்சு ஜிபெக். கேட்டவருக்குப் பதில் சொல்லி, நிக்கவிருந்த வண்டியப் போகச் சொல்லியிருக்க."

"எங்கம்மா காலுறை வித்து—"

"எங்கப்பா மாடு வித்தாரு."

இன்னொரு வேன் நிற்காமல் போயிற்று. ஜிபெக் அழத்தொடங்கினாள். நேர்காணல் அன்று அழுத அதே அழுகை, அதே தோள் குலுங்கல். பெரிசாத் இப்போது அதை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றாள் ஜிபெக். "முதல்வர்கிட்டயே போய்ச் சொல்றேன்."

"வா. இப்பவே போலாம். நான் கூட வர்றேன்."

ஜிபெக்கின் அழுகை நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாலையைப் பார்த்தாள், பாலர் பள்ளிச் சுவரைப் பார்த்தாள்.

"அம்மா ஊர் பூரா சொல்லிட்டாங்கடி" என்றாள்.

பெரிசாத் தலையாட்டினாள். கேட்கவேண்டியது இனி ஒன்றுமில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை இருக்கும் திசையில் நடந்தாள். அங்கே நகரப் பேருந்து வரும். வாய்க்கால் கரையோடு நெடுந்தூரம் நடக்கவேண்டும், வழியில் நாய்கள். பேருந்து ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். "பெரிசாத்!" என்று பின்னாலிருந்து ஒருமுறை குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை.

அந்தக் கோடை வரை அவள் அப்படித்தான் போய்வந்தாள். முதல் வகுப்பு மறுபடியும் கையை விட்டுப் போயிற்று. குதிரைக் கதையை விரிவுரையாளர் மறுபடியும் கேட்டார். வகுப்பில் அவள் கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டாள். முன்வரிசையில் ஜிபெக் தன் பக்கத்து நாற்காலியில் கோட்டைப் போட்டு இடம் பிடித்துவைத்துக்கொண்டே இருந்தாள், கொஞ்ச நாள். பிறகு அங்கே வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

வசந்தத்தில் ஒருநாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது சோனுன் போனில் கூப்பிட்டாள்.

"என்னடி, இந்தப் பக்கமே காணோம்? ரெண்டு பேருக்கும் சண்டையா? இவளக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா."

விருந்தில் சோனுன் பொறுக்கி வைத்த கறி பெரிசாத்துக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டுச் சோறு வயிற்றில் இருக்கிறது. சண்டை இல்லை என்று சொல்லிவிடலாம். இதுவரை எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"நான் இப்ப வேற பஸ்ல போறேம்மா" என்றாள். "ஏன்னு மைராம்பெக் அண்ணனக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

சோனுன் ஏதோ கேட்கத் தொடங்கினாள். பெரிசாத் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பின்னாலிருந்து யாரோ கட்டணக் காசை அவள் தோளில் தட்டி நீட்டினார்கள். வாங்கி, முன்னால் நின்றவரிடம் கைமாற்றி அனுப்பினாள்.